கத்தியில் நிற்காத ஜாம்

பத்மாவதி 1948ஆம் ஆண்டு பல்லடத்துக்குத் தெற்கே, பருத்தி விளைந்த ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். 1967இல் போத்தனூர் சீனிவாசலுவை மணந்தார். இரு வீட்டாரும் தெலுங்கு பேசும் குடும்பத்தினர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். சீனிவாசலு நூற்பாலை ஒன்றில் மேஸ்திரி. ஒரே மகள் ஹாரிகா 1976இல் பிறந்தார். போத்தனூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு. அந்த வீட்டில் 1988 முதல் ஒவ்வொரு மே மாதமும் பிளம்ஸ் பழத்தில் ஜாம் காய்ச்சப்பட்டது.

இதுவரை சொன்னவை எவரும் மறுக்க முடியாத தகவல்கள். காய்ச்சப்பட்டது ஜாம்தானா என்பதில்தான் பிற்பாடு கருத்து வேறுபாடு எழுந்தது.

பிளம்ஸ் அந்த வீட்டுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருந்த நஞ்சுண்டன், மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்காக 1987இல் கோயமுத்தூருக்கு வந்தார். ஆலையில் வேலை பார்த்த ஒருவர் மூலம் அறிமுகமாகி, சிகிச்சை முடியும் வரை சீனிவாசலு வீட்டில் தங்கினார். தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் எதையும் வாங்கிக்கொள்ள இந்த வீட்டார் இசையவில்லை. நஞ்சுண்டனும் சும்மா இருக்கிறவர் அல்லர். மறு ஆண்டு மே மாதம் ஒரு மரப்பெட்டி நிறையப் பிளம்ஸோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கடுத்த ஆண்டு இரண்டு முறை வந்தார். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனம் நோகும். வைத்திருந்தால் பழம் நாலைந்து நாளில் நெகிழ்ந்து நீர்விடும். பக்கத்து வீடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மலைப்பழத்தின் புளிப்பு பழகாத பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுச் சாக்கடையோரம் போட்டன. பத்மாவதிக்குச் சின்ன வயதிலிருந்தே ஜாம் மீது தனி ஆசை என்று உறவில் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. பெட்டி பெட்டியாக வந்த பழத்தை என்ன செய்வது என்ற கவலையில்தான் அவர் ஒரு வாரப் பத்திரிகையின் சமையல் பக்கத்தைப் பார்த்து ஜாம் காய்ச்சத் தொடங்கினார்.

அவர் காய்ச்சிய முறை இது. பெட்டியைப் பிரித்ததும் கோரைப் பாயை விரித்துப் பழத்தைக் கொட்டுவார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பார். கருஞ்சிவப்பாகக் கனிந்து, விரல் பட்டால் அமுங்குகிற பழம் ஒரு குவியல்; அது ஜாமுக்கு. சிவப்பு ஏறியும் ஏறாமலும் கெட்டியாக இருப்பது இன்னொரு குவியல்; அது வீட்டுக்கு. ஹாரிகா அதை வெட்டி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்பாள். அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பண்டத்தில் கழித்த சரக்கு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்பது பத்மாவதி பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இருந்த கட்டுப்பாடு. முறுக்கு சுட்டாலும் முதல் ஈடு வெளியே போகும், உடைந்தது வீட்டில் தங்கும். தேர்ந்தெடுத்த பழத்தை வெந்நீரில் போட்டு எடுத்து, தோலைப் பொட்டு இல்லாமல் உரித்துவிடுவார். தோலோடு கொடுத்தால் பாதி வேலையில் எழுந்து வந்ததுபோல் இருக்கும் என்பது அவர் எண்ணம். பிறகு கொட்டை நீக்கி, சம அளவு சர்க்கரை போட்டு, அகலமான எவர்சில்வர் சட்டியில் காய்ச்சுவார். இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு.

இவ்வளவு சுத்தமாகச் செய்த ஜாம் உறைய வேண்டும். உறையவில்லை. அடுப்பிலிருந்து சற்று முன்னால் இறக்கினால் தட்டில் விட்ட துளி ஓடியது. சற்றுப் பொறுத்து இறக்கினால் ஆறியபின் கமர்கட்டு ஆனது. இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ ஜாம் இருந்தது. எத்தனை கண்ணாகப் பார்த்தும் அந்த இடம் அகப்படவில்லை. கமர்கட்டைவிடத் தளர்ச்சியே மேல் என்று முன்னால் இறக்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி, ‘பிளம்ஸ் ஜாம்’ என்று எழுதி ஒட்டி, உறவுக்கும் நட்புக்கும் அனுப்பினார். பல்லடத்தில் அண்ணன் வீடு, மதுக்கரையில் நாச்சியம்மாள் வீடு, அடுத்த தெருவில் நாலைந்து வீடு. நாச்சியம்மாளின் கணவர் சீனிவாசலுவோடு ஆலையில் வேலை பார்த்தவர். அந்த வகையில் இரு வீட்டுக்கும் போக்குவரத்து.

பாட்டில்கள் திரும்பி வரும்போது ஒன்றுகூடக் காலியாக வராது. நிலக்கடலையோ கொள்ளோ நாட்டுச்சர்க்கரையோ நிரப்பித்தான் கொடுப்பார்கள். கூடவே ஒரு வார்த்தையும் வரும்.

“நெம்ப நல்லா இருந்துச்சுங்க அம்மணி.”

“கெட்டியா இருந்துச்சுங்களா?”

“அதெல்லாம் நல்லா இருந்துச்சுங்க.”

“கொஞ்சம் தண்ணியாட்டம் இல்லீங்களா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ளைக ஒரு வாரத்துல முடிச்சுப்போட்டுதுக.”

இதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. பத்மாவதிக்கு இது ஆண்டுக்கு ஆண்டு எரிச்சலை வளர்த்தது. ஜாம் ஓடுகிறது என்பது அவருக்கே தெரியும். தெரிந்த குறையை வேறொருவர் வாயால் கேட்டால்தான், எதனால் என்று கேட்கவாவது வழி பிறக்கும். மரியாதை தெரிந்த மனிதர்களாக வாய்த்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது.

1994ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாரிகாவுக்குக் காய்ச்சல் கண்டு, ரொட்டி வாங்கப் பத்மாவதி ஸ்டேஷன் ரோட்டு பேக்கரிக்குப் போனார். அந்தக் கடையைச் சாஜிதா பேகமும் அவருடைய தம்பியும் நடத்தினார்கள். கல்லாவில் சாஜிதா பேகம், அடுப்படியில் தம்பி. கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு பெரிய தகர டின்னிலிருந்து சிவப்பு ஜாமை எடுத்து, சாஜிதா பேகம் ஒரு பன்னைப் பிளந்து தடவிக்கொண்டிருந்தார்.

“இது என்ன பழத்து ஜாமுங்க?” என்று பத்மாவதி கேட்டார்.

“டின்னுல கலப்புப் பழமுன்னு போட்டிருக்குதுங்க அக்கா. எந்தப் பழமுன்னு அந்தப் பழத்துக்கே தெரியாது.”

“நான் பிளம்ஸ்ல செய்யறேனுங்க. அசல் பழம். கடையில வெச்சுப் பாக்கறீங்களா?”

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோமே என்று பத்மாவதிக்குத் தோன்றியது. சாஜிதா பேகம் கத்தியை டின்னின் விளிம்பில் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இத்தனை நாளாச் சொல்லவே இல்லீங்களே! கொண்டாங்க. ஆனா ஒண்ணு அக்கா. கத்தியில எடுத்தா நிக்கணும். பன்னுல தடவுனா பன்னோட இருக்கணும். ஸ்கூல் புள்ளைக சட்டையில வடிஞ்சா, அதுகளோட அம்மா வந்து என்ற சட்டையைத்தான் புடிப்பாங்க.”

“நிக்கும்,” என்றார் பத்மாவதி.

“நின்னா டின்னை நிறுத்திப்போடறேன். இந்த எடத்துல உங்க பாட்டிலுதான். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்துருங்க. அதுக்கப்புறம் வருசத்துக்கும் டின்னுக்குச் சொல்லியாகணும்.”

அன்று முதல் பத்மாவதிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேலிடத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. வருமானத்துக்காக அல்ல; சீனிவாசலுவின் சம்பளத்தில் குடும்பம் குறைவின்றி நடந்தது. இருபத்தேழு ஆண்டுகளாக அவர் கையால் செய்த ஒவ்வொன்றையும் எல்லாரும் புகழ்ந்திருக்கிறார்கள். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று அந்தப் புகழ்ச்சியை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் கிடையாது. பிடித்தால் மறுபடி வாங்குவார். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார். அப்படி ஒரு தீர்ப்பு வாழ்க்கையில் ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்று பத்மாவதி விரும்பினார்.

மே முதல் வாரம் நஞ்சுண்டன் முதல் பெட்டியைக் கொண்டுவந்தார். பத்மாவதி முன்னெப்போதையும்விடக் கண்டிப்பாகப் பழம் பொறுக்கினார். ஒரு புள்ளி இருந்தாலும் கழித்தார். சற்றே சிவந்திருந்தாலும் கழித்தார். ஹாரிகாவின் தட்டில் கழிவு மலையாகக் குவிந்தது.

“நல்லதையெல்லாம் எனக்கே குடுத்துட்டீங்கம்மா,” என்று ஹாரிகா சப்புக்கொட்டினாள். “இந்தப் புளிப்புதான் சூப்பரா இருக்குது.”

“தின்னு, தின்னு. கடைக்குக் கொடுக்கிறதுக்கு லாயக்கில்லாதது உனக்குத்தான்.”

காய்ச்சி ஆறவைத்த ஜாமைப் பாட்டிலில் நிறைத்து, மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு பத்மாவதி பேக்கரிக்குப் போனார். மாலை நேரம், தேநீர் குடிப்பவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சாஜிதா பேகம் கத்தியை விட்டு எடுத்தார். கத்தி சிவப்பாக வெளியே வந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை. கரண்டியை எடுத்துப் பன்னின் மேல் ஊற்றினார். அது பன்னின் வயிற்றுக்குள் இறங்கி, அடிவழியாக ஒழுகிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு கோடு போட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் தம் டம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“ருசி பிரமாதமுங்க அக்கா,” என்றார் சாஜிதா பேகம், துணியால் துடைத்துக்கொண்டே. “ஆனா நிக்க மாட்டேங்குதுங்களே.”

குறையை நேராகச் சொன்ன முதல் ஆள் அவர். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் பத்மாவதி இத்தனை நாள் இருந்தார். நாலு பேர் முன்னால் கேட்டபோது காது மடல்தான் சுட்டது. பாட்டிலைத் திரும்பத் தூக்கிப் போக மனமில்லாமல் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது பெட்டி மே நடுவில் வந்தது. இந்த முறை அவர் துணிந்து அடுப்பில் விட்டுவைத்தார். கிளறிக் கிளறித் தோள்பட்டை வலித்தது, நிறம் கருத்தது, அடியில் தீய்ந்த வாடை வந்தபோதுதான் இறக்கினார். கடையில் சாஜிதா பேகம் கத்தியை உள்ளே செருகினார். கத்தி அசையாமல் நின்றது. பிடியை விட்டார், அப்போதும் நின்றது. இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். பாட்டிலும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது.

“இந்தத் தடவை நிக்குதுங்க அக்கா,” என்றார். “ஆனா வர மாட்டேங்குது.”

அடுப்படியிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார். “அக்கா, கத்தியை அப்படியே விட்டுருங்க. பிடி வெச்ச ஜாமுன்னு வித்துப்போடலாம்.”

தேநீர் குடித்தவர்கள் சிரித்தார்கள். பத்மாவதியும் சிரித்தார். சிரித்தபடியே வீட்டுக்கு நடந்து வந்து, கமர்கட்டாய்ப் போனதை வெந்நீர் ஊற்றிக் கரைத்துத் தென்னைமரத்தடியில் கொட்டினார். மிச்சமிருந்தது ஒரு பெட்டிதான். நஞ்சுண்டனின் மரங்களில் அதற்குமேல் பழம் இருக்காது.

அதற்கிடையே வைகாசி முதல் வாரத்தில், மதுக்கரையில் நாச்சியம்மாள் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். சிமென்ட் ஆலைத் தூசு படிந்த வேப்பமரத்தடியில் பந்தல். பத்மாவதியும் சீனிவாசலுவும் போனார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. உள்ளறையில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நாச்சியம்மாளின் நாத்தனார் மாரியாத்தாள் ஒரு தாம்பாளம் நிறைய டம்ளர்களைக் கொண்டுவந்தார். கருஞ்சிவப்புச் சர்பத்; மேலே ஐஸ் துண்டு, ஊறிய சப்ஜா விதை. பத்மாவதி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாயை உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்தினார். ஏலக்காய் இரண்டு, கிராம்பு ஒன்று.

“இது எங்க வாங்குனதுங்க?” என்று நாச்சியம்மாளைக் கேட்டார்.

“கேக்கறதைப் பாரு!” நாச்சியம்மாள் அவர் தோளில் தட்டினார். “உங்க ஊட்டுச் சர்பத்துங்க அம்மணி. விசேசத்துக்குன்னே போன வருசத்துது பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன். ஒரு பாட்டில் ஊத்துனா ஒரு குண்டாத் தண்ணிக்கு ஆகுது. ஒறம்பரை சனம் அத்தனை பேரும் எங்க வாங்குனது, எங்க வாங்குனதுன்னு கேட்டுப்போட்டாங்க.”

“அது ஜாமுங்க.”

மாரியாத்தாள் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

“ஜாமுன்னா, பன்னுக்குள்ள தடவுவாங்களே, அதுங்களா?”

“அதேதானுங்க. பாட்டில் மேல பேரு எழுதி ஒட்டியிருந்தேனே, பாக்கலீங்களா?”

“பாக்காம என்னங்க,” என்றார் நாச்சியம்மாள். “நீங்க ஆசையா ஒரு பேரு வெச்சிருக்கறீங்க. அது ஜாம் இல்லீங்க, சர்பத்துங்கன்னு நாங்க சொன்னா நல்லாவா இருக்கும்?”

“ஆறு வருசமாவா சொல்லாம இருந்தீங்க?”

“நல்லா இருந்துச்சுன்னு வருசா வருசம் சொன்னமுங்களே.”

“தண்ணியில கலக்கிக் குடிச்சமுன்னு சொல்லலையே!”

“நீங்க கேக்கலீங்களே அம்மணி.”

பத்மாவதி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, வைத்தது தப்பாகத் தெரியுமே என்று மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

“எங்க அண்ணன் ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?”

“அங்கதானுங்க நானே மொதல்ல குடிச்சேன்,” என்றார் நாச்சியம்மாள், ஒளிவுமறைவின்றி. “உங்க அண்ணி எலுமிச்சம்பழம் வேற புழியறாங்க. சித்தே புழிஞ்சு பாருங்க, இன்னும் நல்லா இருக்கும்.”

பத்மாவதி வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி, கணவருக்குச் சோறு வைத்தபின் சொன்னார். அவர்கள் பேசியது தெலுங்கில், பொருள் பின்வருமாறு.

“எல்லாரும் தண்ணியில கலக்கிக் குடிச்சிருக்காங்க. ஒருத்தர் சொல்லலைங்க. ஒருத்தர்கூட.”

சீனிவாசலு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரலை நிறுத்தவில்லை. “தண்ணியில கலக்கினா நல்லாத்தானே இருக்கு?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் தலை நிமிராமல் சொன்னார்: “ராத்திரி ஷிப்டுக்குப் பாட்டில்ல கலக்கி எடுத்துட்டுப் போவேன். தூக்கம் வராது.”

பத்மாவதி ரசத்தை ஊற்றாமலேயே சட்டியோடு எழுந்து போய்விட்டார். அன்று சீனிவாசலு மோரோடு முடித்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டி மே மாதக் கடைசியில் வந்தது. நஞ்சுண்டன் அதை இறக்கி வைத்துவிட்டு, வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மா. காத்து வந்து மரத்தையே ஒலுக்கிப்போட்டது. பழுக்க விட்டா ஒண்ணும் மிஞ்சாதுன்னு காயோட பறிச்சுட்டு வந்தேன். வெறுங்கையோட வர மனசில்லே.”

பாயில் கொட்டிப் பார்த்தால் கருஞ்சிவப்புக் குவியலுக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. எல்லாம் கெட்டி, எல்லாம் பாதிச் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள். மொத்தப் பெட்டியும் ஹாரிகாவின் உப்பு மிளகாய்ப்பொடிக்குத்தான் லாயக்கு. பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேலிடம் கைவிட்டுப் போய்விட்டதென்று பத்மாவதி முடிவு கட்டினார். கொண்டுவந்தவரின் மனசு நோகும்படி பழத்தை வீணாக்க முடியாது. வீட்டுக்குப் போதும் என்று அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோலை உரிக்கவில்லை. யாருக்காக உரிப்பது? கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு, துண்டுகளைச் சட்டியில் வீசினார். நாச்சியம்மாளை நினைத்து ஒரு கை, அண்ணியை நினைத்து ஒரு கை, பாட்டிலில் கலக்கிக் கொண்டுபோனவரை நினைத்து இரண்டு கை. சர்க்கரையை அளந்து கொட்டி, கொதி வந்து குமிழி பெரிதானதும் சலிப்போடு இறக்கி மூடிவைத்தார்.

மறுநாள் காலை மூடியைத் திறந்து கரண்டியை விட்டார். கரண்டி ஒரு கட்டியை வெட்டி எடுத்தது. கட்டி கரண்டியில் நடுங்கியது; வழியவில்லை. தட்டில் சாய்த்தார், மெதுவாகச் சரிந்து நின்றது. நிறம் தீய்ந்த கறுப்பாக இல்லாமல், விளக்கில் பிடித்தால் ஒளி ஊடுருவும் சிவப்பாக இருந்தது.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மனத்துக்குள் எடுத்து வைத்துப் பார்த்தார். அதே சட்டி, அதே அடுப்பு, அதே சர்க்கரை. மாறியது இரண்டுதான்: பழுக்காத பழம், உரிக்காத தோல். ஜாமை உறைய வைக்கிற சத்து எதுவானாலும் அது காய்ப்பதத்துப் பழத்திலும் தோலிலும்தான் இருந்திருக்கிறது. ஆறு கோடைகளாக அவர் மெனக்கெட்டுப் பொறுக்கிப் பொறுக்கி வெளியேற்றியது அதைத்தான். நல்லது மட்டும் வெளியே போகவேண்டும் என்று தோலை உரித்து எருக்குழிக்கும், காயைக் கழித்து மகளின் தட்டுக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சிய சாற்றை ஜாமாகு ஜாமாகு என்று அடுப்பின் முன் நின்று மன்றாடியிருக்கிறார்.

கண்டுபிடித்ததில் அவருக்கு மகிழ்ச்சி வந்ததாகச் சொல்ல முடியாது. “இத்தனை வருசம் ஜாமைத் தின்னது நீதான்,” என்று ஹாரிகாவிடம் எரிந்து விழுந்தார். ஹாரிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த தடை அவருக்குள்ளேயே இருந்தது. உறைந்த ஜாம் கையில் இருக்கிறது. ஆனால் அது கழித்த பழத்தில் செய்தது. அதை எப்படி வெளியே கொடுப்பது?

“கடைக்குத்தானே கொடுக்கறே?” என்றார் சீனிவாசலு.

“கடைக்குப் போறதும் கடைசியில ஒரு வீட்டுக்குத்தானே போகுது?”

“அப்ப கொடுக்காதே.”

“கொடுக்காம?”

“அப்ப கொடு.” இத்தனைக்கு மேல் அவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை.

இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் பத்மாவதி ஒரு பாட்டிலை மஞ்சள் பையில் வைத்தார். தோலோடு செய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது, அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் கொடுப்பது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு நடந்தார்.

கடைவாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். சாஜிதா பேகம் அவரைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

“வாங்க அக்கா, வாங்க. உங்களுக்குத்தான் ஆள் அனுப்பலாமுன்னு இருந்தேன்.”

பத்மாவதி பாட்டிலை எடுத்து வைத்தார். சாஜிதா பேகம் கத்தியை விட்டார். ஜாம் கத்தியின் மேல் ஏறி உட்கார்ந்தது. கத்தியைச் சாய்த்தார், இருந்தது. பன்னைப் பிளந்து தடவி, மூடி, அழுத்தினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஒரு கடி கடித்தார்.

“நிக்குதுங்க அக்கா!”

“தோலோட செஞ்சதுங்க. பழமும் நல்லாப் பழுக்காததுதான். மறைக்கலீங்க.”

“அதெல்லாம் இருக்கட்டுமுங்க. நெம்ப நல்லா இருக்குது. ஊட்டுக்கு இந்தப் பாட்டிலை நானே வெச்சுக்கறேன்.” வாயைத் துடைத்துக்கொண்டு, சாஜிதா பேகம் குரலைத் தணித்தார். “கடைக்கு மட்டும் அந்த மொதல்ல கொண்டாந்தீங்களே, அது குடுங்க.”

“அது நிக்கலைன்னு சொன்னீங்களே!”

“பன்னுல நிக்கலைதானுங்க. நீங்க வெச்சுட்டுப் போன பாட்டிலை என்ற தம்பி சோடாவுல கலக்கிப் பாத்தான். வெயிலுக்கு வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தோம். இப்ப டீயே கேக்க மாட்டேங்கறாங்க. அந்தச் செவப்பு சோடா எங்கங்கறாங்க.” அவர் கையால் காட்டிய பக்கம் இரண்டு பேர் காலி டம்ளரோடு நின்றிருந்தார்கள்.

“இது நீங்க கேட்ட மாதிரியே நிக்குதில்லீங்களா?” என்றார் பத்மாவதி. குரல் உயர்ந்துவிட்டதை அவரே உணர்ந்தார். “நின்னா டின்னை நிறுத்தறேன்னு சொன்னீங்களே?”

“சொன்னேனுங்க, இல்லேங்கலை. நெசமாச் சொல்றேன் அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஜாமு எந்தக் கம்பெனிக்காரனும் கொண்டாந்து போடுவான். புள்ளைகளுக்குச் செவப்பா இனிப்பா இருந்தாச் சரி. தோலு தட்டுப்பட்டா என்னமோ கெடக்குதுன்னு துப்பிப்போடுதுக. உங்க சர்பத்து மாதிரி இந்தப் போத்தனூருக்குள்ள வேற எங்கயும் இல்லீங்க. அடுத்த கோடைக்கு எத்தனை பாட்டில் முடியுமோ அத்தனையும் நான் எடுத்துக்கறேன்.”

மரியாதைக்காகப் பொய் சொல்லாத ஒருவரின் தீர்ப்பைத்தான் பத்மாவதி தேடி வந்தார். அது கிடைத்துவிட்டது. தப்பாகச் செய்ததற்கு ஆள் வரிசை கட்டி நிற்கிறது; சரியாகச் செய்தது வீட்டுக்கு ஒன்று போதும். “யோசிச்சுச் சொல்றேனுங்க,” என்று பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு வண்டி போய் முடியும்வரை நின்றவர், கேட் திறந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவர் யோசித்து முடிக்க ஓர் ஆண்டு ஆனது. மறு ஆண்டு மே மாதம் நஞ்சுண்டன் பெட்டியோடு வந்தபோது, பத்மாவதி பாயை விரித்து இரண்டு குவியலாகவே பிரித்தார். கனிந்ததைத் தோலுரித்து, முன்னால் இறக்கி, கடைக்கு அனுப்பினார். அவர் கையாலேயே ‘சர்பத்’ என்று எழுதி ஒட்டும்படி சாஜிதா பேகம் சொன்னபோது மறுத்துவிட்டார். தம்பிதான் அச்சடித்த சீட்டு வாங்கி ஒட்டினார். கழித்ததைத் தோலோடு காய்ச்சி, கத்தியில் நிற்கும் ஜாமாக, பழைய பழக்கப்படி உறவுக்கு அனுப்பினார். கழித்த சரக்கு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர் தெரிந்தே, சொல்லாமல் மீறியது அந்த ஒரு முறைதான். ஜாம் என்றால் என்னவென்று அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பாட்டில்கள் கடலையும் கொள்ளும் நிறைந்து திரும்பின. எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். இந்த முறை பத்மாவதி விடவில்லை. மதுக்கரைக்குப் போன ஹாரிகாவிடம், அவர்கள் அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஹாரிகா பார்த்துவிட்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே தயங்கினாள்.

“இந்த வருசம் கொஞ்சம் இறுகிப் போச்சாமா. சுடுதண்ணியில போட்டுக் கரைச்சு, வடிகட்டி, ஐஸ் போட்டுக் குடிக்கறாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாமுன்னாங்க.”

சாஜிதா பேகத்தின் கடை 1999ஆம் ஆண்டு இறுதியில் வேறு கைக்கு மாறியது. அதுவரை அங்கே பத்மாவதியின் சர்பத் விற்றது ஐந்து ஆண்டுகள். ஜாம், ஓர் ஆண்டும் இல்லை.